நாய்களின் பெயரால் தானம் வாங்கியவள்

சம்ஃபிராவுக்கு நாய்கள் மேல் கொள்ளைப் பிரியம் என்று ருமேனியாவின் வதூல் மாரே ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை மறுத்ததும் இல்லை, ஆமோதித்ததும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஊர் ரயில் நிலையக் கான்டீனில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தவள் அவள். புக்காரெஸ்டிலிருந்து வரும் விரைவு வண்டிகள் அங்கே நிற்பதை விட்டதும் கான்டீனை இழுத்து மூடினார்கள். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்து பழக்கமில்லை. பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் நாய்க் காப்பகத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நடந்தே போனாள்.

"நாயப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். பெரிய அண்டாவுல சமைக்கத் தெரியும்," என்றாள்.

காப்பகத்தை நடத்திக்கொண்டிருந்த கொர்னேலியா டீச்சர் ஒரு காலத்தில் உயர்நிலைப் பள்ளியில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவர். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது போதும். இங்க யாரும் உப்பு பத்தலன்னு சொல்ல மாட்டாங்க," என்றார்.

அன்றைக்கே கரண்டியைக் கையில் எடுத்தாள். எலும்பும் பார்லியும் ஒன்றாகக் கொதிக்கும் வாசனை அவள் கம்பளிக் கோட்டில் ஏறிக்கொண்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல நகர்ந்து உட்காரத் தொடங்கினார்கள். அவள் புருஷன் ஃபனே இத்தாலியில் தரைக்கு ஓடு பதிக்கிறவன். ஆகஸ்டு மாதத்தில் மட்டும் ஊருக்கு வருவான். அந்த வருஷம் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினான்.

"வீட்ல நாய் ஏதாவது வச்சிருக்கியா?"

"இல்ல. நான்தான் இருக்கேன்."

வீட்டுக்கு அவள் ஒரு நாயையும் கொண்டுவந்ததில்லை. காப்பகத்துக்கு வருகிற பெண்கள் சில சமயம், இத்தனை நாய்க்குச் சோறு போடுகிறாய், ஒன்றையாவது வளர்க்கக் கூடாதா என்று கேட்பார்கள். "கான்டீன்ல இருந்தப்போ பயணிங்கள வீட்டுக்கா கூட்டிட்டுப் போனேன்?" என்பாள். நாய்களுக்குப் பெயர் வைப்பதும் டீச்சர்தான். அவளைப் பொறுத்தவரை நன்றாகச் சாப்பிடுகிறது, சரியாகச் சாப்பிடவில்லை என்று இரண்டு வகை நாய்கள்தான். யாராவது ஒரு நாயைக் கொண்டுவந்து வாசலில் நின்று காரணம் சொல்லும்போது, குழந்தைக்கு ஒவ்வாமை என்றாலும், ஸ்பெயினுக்குக் குடிபோகிறோம் என்றாலும், ரோட்டில் கிடந்தது என்றாலும், அவள் முகம் ஒரே மாதிரி இருக்கும். ரோட்டில் கிடந்ததாகச் சொல்லப்பட்ட நாய் சொல்கிறவரின் காலைச் சுற்றி வாலாட்டிக்கொண்டிருக்கும். சூப் ஆறிவிட்டது என்று சண்டைக்கு வந்தவர்களிடமும் அவள் அந்த முகத்தைத்தான் காட்டியிருக்கிறாள்.

காப்பகம் இரண்டு கைகளால் பிழைத்தது. ஒரு கை வெளியூர்க் கை. டீச்சர் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நாய்களின் படங்களை அனுப்புவார். அங்கிருந்து தீவன மூட்டையும் பழைய கம்பளிகளும் வரும். சில பேர் படத்தைப் பார்த்துவிட்டு இந்த நாயை நாங்கள் தத்தெடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். மாதம் தவறாமல் ஒரு வெள்ளிக்கிழமை வேன் வந்து அப்படிப்பட்ட நாய்களை ஏற்றிக்கொண்டு போகும். ஊசிக்கும் டீசலுக்கும் அவர்கள் கொடுக்கிற பணத்தை டீச்சர் நன்கொடை என்பார். சந்தையில் அதற்குப் பெயர் விலை.

மற்றொரு கை உள்ளூர்க் கை. இறந்தவர்களின் கை என்றும் சொல்லலாம். அந்தப் பக்கங்களில் ஒருவர் செத்துப்போனால் நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம் என்று ஏழு வருஷத்துக்குச் சமைத்துத் தானம் கொடுக்க வேண்டும். பொமானா என்பார்கள். கோஸ் இலையில் கறி சுருட்டி வேகவைத்து, வளையரொட்டி சுட்டு, சட்டியில் மெழுகுவத்தி செருகி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். இங்கே ஒருவர் வாங்கிச் சாப்பிட்டால் அங்கே இறந்தவருக்குப் போய்ச் சேரும். சாப்பாடு மட்டுமல்ல, துண்டு, செருப்பு, நாற்காலி என்று எதைக் கொடுத்தாலும் அப்படித்தான். வாங்குகிறவர் மட்டும் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். நன்றி என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் கணக்கு இந்த உலகத்திலேயே முடிந்துபோகும். 'போக்தப்ரோஸ்தே' என்று சொல்ல வேண்டும். கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று அர்த்தம். அந்த வார்த்தையில் ஏறித்தான் சட்டி அந்தப் பக்கம் போகிறது.

இப்போதெல்லாம் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கொடுக்க ஆள் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. மிஞ்சுகிற அண்டாவை நாய்களுக்காவது கொடுப்போம் என்று சிலர் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் நின்று வாங்கியவர் கொர்னேலியா டீச்சர். அவர் மனந்திரும்பினவர்களின் சபையைச் சேர்ந்தவர். செத்தவருக்கு எந்தத் தட்டும் போய்ச் சேராது என்பது அவர்கள் விசுவாசம். அதனால் அந்த வார்த்தை அவர் வாயில் வராது. "நன்றிங்க, ரொம்ப நன்றி," என்று மனமாரச் சொல்வார். கொண்டுவந்தவர்கள் முகம் தொங்கிப்போகும். ஒரு பெண் அண்டாவோடு அப்படியே திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். உள்ளே கிளறிக்கொண்டிருந்த சம்ஃபிரா கரண்டியோடு வெளியே ஓடிவந்து, "நில்லும்மா, யாருக்காக?" என்றாள்.

"எங்க அப்பாவுக்கு."

"போக்தப்ரோஸ்தே. எறக்கி வை."

அதிலிருந்து வாசல் அவளுடையது. டீச்சர் ஜெர்மன்காரர்களைப் பார்த்துக்கொண்டார், சம்ஃபிரா செத்தவர்களைப் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமைகளில் வாசலில் வரிசை நிற்கும். அவள் ஒவ்வொருவரிடமும் யாருக்காக என்று கேட்டு, வாங்கி, வார்த்தையைச் சொல்லி, அண்டாவில் கொட்டிக்கொள்வாள். ஊர்ப் பாதிரியாரிடம் யாரோ போய் இது செல்லுமா என்று கேட்டபோது அவர், "வாய் மனுஷனோடதுதானே?" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

பராஸ்கிவா வந்ததும் ஒரு சனிக்கிழமைதான். ஆற்றங்கரைத் தெருவில் இருந்தவள். அவள் புருஷன் டாசே இலையுதிர் காலத்தில் போய்ச் சேர்ந்திருந்தான். அன்றைக்கு நாற்பதாம் நாள். வரிசையில் எல்லோர் கையிலும் சட்டி இருக்க, அவள் கையில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் கரடி மாதிரி ஒரு கிழட்டு நாய். கழுத்தில் வளையரொட்டியை மாலையாகப் போட்டு, புதுத் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தாள். மறுகையில் இருந்த மெழுகுவத்தி காற்றில் அணையாமலிருக்கக் கோட்டை விரித்துப் பிடித்திருந்தாள்.

சம்ஃபிரா அப்போதுதான் ஒரு சட்டியை வாங்கி இடது கையில் வைத்திருந்தாள். வலது கையை நீட்டினாள்.

"டாசேவோட ஆத்மாவுக்கு. போய்ச் சேரட்டும்," என்றாள் பராஸ்கிவா.

"போக்தப்ரோஸ்தே," என்றாள் சம்ஃபிரா. சொன்ன பிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். "சட்டி வாங்கற நெனப்புல கயித்த வாங்கிட்டேன் டீச்சர்," என்று பிற்பாடு சொன்னாள். அதற்குள் பராஸ்கிவா மெழுகுவத்தியையும் அவள் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தாள்.

நாயின் பெயர் உர்சு. டீச்சர் அதன் வாயைத் திறந்து வயதைப் பார்க்கப் போனார்.

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?" என்றாள் சம்ஃபிரா.

டீச்சர் பார்த்துவிட்டார். பல் தேய்ந்திருந்தது. பின்னங்கால் இரண்டும் விறைப்பாக இருந்தன.

பராஸ்கிவா அந்த வாரமே ஆற்றங்கரை வீட்டை விற்றுவிட்டு மகனுடைய பிளாட்டுக்குக் குடிபோய்விட்டாள் என்பதைச் சம்ஃபிரா சந்தையில் கேள்விப்பட்டாள். நாயைக் கைவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. தானம் கொடுத்திருக்கிறாள். வாசலில் கேட்ட காரணங்களிலேயே இதுதான் கௌரவமானது என்று சம்ஃபிராவுக்குத் தோன்றியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பராஸ்கிவா ஒரு சின்னச் சட்டியோடு வந்தாள். கொடுத்துவிட்டு வேலியோரமாகக் கொஞ்ச நேரம் நிற்பாள். உர்சு எழுந்து வரும்.

மற்ற நாட்களில் உர்சு கதவுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. வைத்ததில் பாதியைத் தின்றது. டிசம்பரில் சிமெண்டுத் தரை கல்லாகிவிடும். வைக்கோல் எவ்வளவு போட்டாலும் பெரிய உடம்பு கொண்ட கிழட்டு நாய்களுக்கு அது போதாது. போன குளிர்காலத்தில் அப்படி இரண்டு போயின. தத்தெடுக்கிறவர்கள் குட்டியைக் கேட்பார்கள், மடியில் உட்காருகிற நாயைக் கேட்பார்கள். இந்த மாதிரிக் கிழங்களின் படத்தை டீச்சர் ஒரு கடமைக்குத்தான் அனுப்புவார்.

ஆனால் பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்திலிருந்து ஒரு கிழத் தம்பதி கேட்டார்கள். லியோபோல்ட் என்ற அந்த மனிதர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி பெயர் ட்ரூடே. தோட்டம் இருக்கிறது, அடுப்படியில் கணப்பு இருக்கிறது. "எங்களுக்கும் முட்டி வலி. அதோடு சேர்ந்து மெல்ல நடப்போம்," என்று சொல்லியிருந்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை வேனில் உர்சு ஏற வேண்டும் என்று முடிவானது.

செவ்வாய்க்கிழமையே பராஸ்கிவா வந்துவிட்டாள், சட்டியில்லாமல்.

"சம்ஃபிரா! வெளிய வாடி!"

சம்ஃபிரா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னக்கா?"

"என் புருஷனோட நாய வித்துட்டியாமே?"

"யாரு சொன்னா?"

"முட்டைக்காரி சொன்னா. யாரு சொன்னா என்ன? வித்தியா, இல்லையா?"

"முட்டைக்காரி போன வருஷம் ஜெர்மன்காரன் நாய வாங்கி சோப்பு காய்ச்சறான்னு சொன்னா. சோப்பு காய்ச்சறவன் எதுக்குக்கா ஊசி போட்டு வாங்கறான்? விக்கல. ஒரு வீட்டுக்குப் போகுது. நல்ல வீடு."

"எந்த ஊருல?"

"கிராஸ்னு. ஆஸ்திரியாவுல."

"ஆஸ்திரியா!" பராஸ்கிவா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுஷன் ஆத்த தாண்டி பல்கேரியாவுக்குக்கூடப் போனதில்லடி. தன் நாயத் தேடிக்கிட்டு இப்ப ஆஸ்திரியாவுக்கா போவாரு? மொழி தெரியுமா அவருக்கு?"

"அக்கா, குளிர்ல அது..."

"நான் உன் கையில குடுத்தேன். ஜெர்மன்காரன் கையில குடுக்கல. நீ வாயத் தொறந்து சொன்ன. சொன்னவ வச்சுக்கணும். தானம் வாங்கினத காசாக்கினா செத்தவனுக்கு ஒண்ணும் சேராதுன்னு உனக்குத் தெரியாதா? சனிக்கிழமை கோயில்ல எல்லாரும் வருவாங்க. அங்க வச்சுக் கேக்கறேன், இந்த அம்மா எத்தன பேர் சட்டிய இப்படி வித்திருக்கான்னு."

அந்தச் சனிக்கிழமை இறந்தோர் சனிக்கிழமை. ஊரே சமைக்கிற நாள். அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே வைத்துக்கொண்டிருக்கலாமே என்பது சம்ஃபிராவின் நாக்கு நுனி வரை வந்தது. கான்டீனில் விழுங்கிப் பழகியதால் அதையும் விழுங்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் குரலைக் கேட்டு உர்சு கூண்டில் எழுந்து நின்றிருந்தது. பராஸ்கிவா அன்றைக்கு அதன் பக்கம் போகவில்லை.

டீச்சர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எழுத்துப்படி நாய் காப்பகத்தோடது. அந்தம்மா ஒண்ணும் பண்ண முடியாது, சம்ஃபிராக்கா," என்றார்.

"அது சரி டீச்சர். ஆனா நான் சொல்லிட்டேனே."

"தினமும்தான் சொல்றீங்க."

"அது சூப்புக்கு. சூப்பு அன்னிக்கே தீந்துபோயிடும். இது உசிரோட நிக்குது."

"பழக்கத்துல வந்த வார்த்தைதானே?"

"கல்யாணத்துலயும் பாதிரி கேட்டார்னுதான் சரின்னேன். இன்னும் அந்த ஆளுக்குத்தான பொண்டாட்டியா இருக்கேன்?"

டீச்சர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். "அப்ப நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்."

"மூணாவது மாடி. லிஃப்ட் கெடையாது. அதால ஏற முடியாது, என்னால தூக்க முடியாது."

இருவரும் கூண்டைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை இது வேனில் ஏறவில்லை என்றால் கிராஸ்காரர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? வேறு கிழத்தைப் பார்த்துக்கொள்வார்கள். உர்சு மார்ச் மாதத்தைப் பார்க்குமா என்று இருவருமே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் சம்ஃபிரா வேறு கோட்டை மாட்டிக்கொண்டு பராஸ்கிவாவின் மகன் வீட்டுக்குப் போனாள். மருமகள் கதவைத் திறந்து முதலில் அவள் காலணிகளைப் பார்த்தாள். தரை முழுக்க வெண்ணெய் நிறக் கம்பளம். பராஸ்கிவாவின் இடம் சமையலறையில் இருந்தது. ஜன்னலோர சோபாவில் போர்வை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அலமாரி மேல் டாசேவின் படம். படத்தில் அவன் பக்கத்தில் நின்ற நாயின் பாதித் தலை மட்டும் தெரிந்தது. சம்ஃபிரா சுற்றிலும் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

பராஸ்கிவா காப்பி போட்டுக் கொடுத்தாள். சண்டை சண்டை, காப்பி காப்பி.

"நாயத் திருப்பித் தரலாம்னா வந்திருக்க?" மருமகளின் காதில் விழாதபடி கேட்டாள். "தானத்த திருப்பி வாங்கறது பாவம்."

"திருப்பித் தரல. ஒண்ணு கேக்கறேன். நீங்க ஒரு சட்டி கோஸ் சுருட்டு என் கையில குடுக்கறீங்க. நான் வாங்கிட்டு சொல்றேன். வீட்டுக்குக் கொண்டுபோய் நான் மட்டுமா திங்கறேன்?"

"எதுக்கு நீ மட்டும்? வீட்ல உள்ளவங்க எல்லாம்தான்."

"அவங்க என்ன பண்ணுவாங்க?"

"வாயில வைக்கறதுக்கு முன்னாடி அவங்களும் சொல்லுவாங்க. சொல்லித்தான் திங்கணும்."

"அவ்வளவுதான்க்கா. வாங்கினது நான். கிராஸ்ல இருக்கற ரெண்டு பேரும் என் மேசையில உக்காந்து சாப்பிடறவங்கன்னு வச்சுக்கோங்க. மேசை கொஞ்சம் நீளம்."

பராஸ்கிவா காப்பியை ஆற்றினாள். ஆற்றிக்கொண்டே இருந்தாள். உள் அறையில் மருமகள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"ஜெர்மன்காரன் அந்த வார்த்தைய சொல்லுவானா?"

"சொல்ல வைக்கறேன்."

"என் காதால கேக்கணும்."

"கேளுங்க."

"பேரச் சொல்லணும். சும்மா மொட்டையா சொன்னா யாருக்குப் போகும்?"

"பேரோட சொல்லட்டும்."

இதில் ஒரு சிக்கல் இருந்ததைச் சம்ஃபிரா படியிறங்கும்போதுதான் யோசித்தாள். கிராஸ்காரர்களுக்கு ருமேனிய மொழி தெரியாது. இடையில் நின்று பேசக்கூடிய ஒரே ஆள் கொர்னேலியா டீச்சர். இத்தனை வருஷமாக எந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லாமல் காப்பாற்றி வந்தாரோ, அதற்கு அவர் ஜெர்மனில் பொருள் சொல்ல வேண்டும்.

டீச்சர் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். "என்னால முடியாது. எங்க சபைக்குத் தெரிஞ்சா..."

"சபை என்ன, உங்க போனுக்குள்ளயா உக்காந்திருக்கு?"

"மனசாட்சி உக்காந்திருக்கே."

சம்ஃபிரா வற்புறுத்தவில்லை. அண்டாவைக் கழுவப் போனாள். வியாழக்கிழமை மதியம் பராஸ்கிவா வளையரொட்டியும் மெழுகுவத்தியுமாக வந்து நின்றபோது டீச்சர் போனை எடுத்துக்கொண்டு தானே வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நான் சொல்லல. மொழிபெயர்க்கறேன், அவ்வளவுதான். வித்தியாசம் கடவுளுக்குத் தெரியும்."

"தெரியும் டீச்சர். அவருக்கு ஜெர்மனும் தெரியும்," என்றாள் சம்ஃபிரா.

போனில் கம்பளிக் குல்லாயோடு லியோபோல்ட் தெரிந்தார், தோளுக்குப் பின்னால் ட்ரூடே. சம்ஃபிரா உர்சுவைக் கூண்டிலிருந்து கூட்டிவந்தாள். பராஸ்கிவாவைப் பார்த்ததும் அது தன் முழுப் பாரத்தையும் அவள் காலில் சாய்த்து நின்றது. டீச்சர் ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னார். லியோபோல்டின் முகம் மாறியது. பதற்றமாக ஒரு கேள்வி கேட்டார். டீச்சர் அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"என்ன கேக்கறான்?" என்றாள் பராஸ்கிவா.

"நாய் செத்தவருக்குப் போகணும்னு சொன்னேன். அப்ப நாங்க நாயக் கொல்லணுமான்னு கேக்கறார்."

"ஐயோ, இந்த மடையன்கிட்டயா குடுக்கப்போறீங்க!"

சம்ஃபிராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். போனுக்குள் ட்ரூடே புருஷனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து ஏதோ சொன்னாள்.

"அவங்க அம்மா கல்லறையில நவம்பர் மாசம் விளக்கு வைப்பாங்களாம்," என்றார் டீச்சர். "அந்த மாதிரிதானேன்னு கேக்கறாங்க."

பராஸ்கிவா கொஞ்சம் நிதானித்தாள். "அந்த மாதிரிதான்னு சொல்லு."

மெழுகுவத்தியைக் கொளுத்தினார்கள். காற்று இரண்டு தடவை அணைத்தது. மூன்றாம் முறை சம்ஃபிரா அண்டா மூடியைத் தடுப்பாகப் பிடித்தாள். பராஸ்கிவா கயிற்றைப் பிடித்து நீட்டினாள். நீட்டிய கயிறு போனுக்குள் போகாது என்பதால் சம்ஃபிரா கை நீட்டினாள்.

"கை என்னுது. வாய் அவங்களோடது," என்றாள்.

"டாசேவோட ஆத்மாவுக்கு," என்றாள் பராஸ்கிவா. "போய்ச் சேரட்டும்."

டீச்சர் அதை ஜெர்மனில் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. லியோபோல்ட் குல்லாயைக் கழற்றினார்.

"போக்... தா... போஸ்தே."

"ப்ரோ! ப்ரோ!" என்று பராஸ்கிவா போனைப் பார்த்துக் கத்தினாள்.

"ப்ரோஸ்தே."

"பேரு?"

"டாசே," என்றார் லியோபோல்ட்.

"அந்த அம்மாவும் சொல்லட்டும். வீட்ல சோறு போடறவ சொல்ல வேண்டாமா?"

ட்ரூடே முதல் தடவையிலேயே பிசகாமல் சொன்னாள். பராஸ்கிவா கயிற்றை விட்டாள்.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. மற்ற நாய்களை ஓட்டுநர் ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினான். உர்சு மட்டும் சாய்பலகை முன்னால் மலை மாதிரி உட்கார்ந்துகொண்டது. இறைச்சித் துண்டைக் காட்டினார்கள், பின்னாலிருந்து தள்ளினார்கள். ஓட்டுநர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வேலியோரம் நின்ற பராஸ்கிவா வந்து, நாய் முன்னால் நின்று, ஆண்குரல் மாதிரித் தடித்த குரலில், "ஏறுடா கிழட்டுச் சனியனே!" என்றாள். உர்சு எழுந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஏறி, கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"அவரு இப்படித்தான் கூப்புடுவாரு," என்று ஓட்டுநரிடம் சொன்னாள். "வண்டியில நல்ல வார்த்தை பேசாதீங்க. புரியாது."

வேன் போனதும் சம்ஃபிரா உர்சுவின் கூண்டைக் கழுவி வைக்கோலை மாற்றினாள். மதியத்துக்குள் அதில் ஒரு பெட்டை நாயையும் குட்டிகளையும் விட்டார்கள். மறுநாள் இறந்தோர் சனிக்கிழமை. வாசலில் வரிசை சூளை வரைக்கும் நின்றது. பராஸ்கிவாவும் சட்டியோடு நின்றாள்.

"யாருக்காக?" என்றாள் சம்ஃபிரா.

"உனக்குத் தெரியாதா?"

"கேக்கணும்ல?"

அதற்கடுத்த வாரம் கிராஸிலிருந்து போன் வந்தது. நாய் சாப்பிட மாட்டேன் என்கிறது. டப்பா உணவு, கோழி, எதையும் மோந்து பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறது. ட்ரூடே அழுகிற மாதிரி இருந்தாள். சம்ஃபிரா யோசிக்கவில்லை, தானே போய்ப் பராஸ்கிவாவைச் சமையலறை சோபாவிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தாள்.

"கோழியா! அதுக்கு எதுக்குக் கோழி?" பராஸ்கிவா போனைத் தன் பக்கம் இழுத்தாள். "மக்காச்சோள மாவு இருக்கான்னு கேளு டீச்சர். களி கிண்டச் சொல்லு. டாசே திங்கறதுலதான் அதுக்கும் போடுவாரு."

ட்ரூடே மாவு தேடினாள். தண்ணீர் எவ்வளவு, தீ எவ்வளவு, எந்தப் பக்கமாகக் கிண்ட வேண்டும் என்று கேள்வி கேட்டாள். டீச்சர் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லிக் களைத்துப்போனார்.

"வெந்துடுச்சான்னு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க."

"கரண்டி நட்டா நிக்கணும். ஆறவச்சுத் தரச் சொல்லு, நாக்க சுட்டுக்கும். மேல கொஞ்சம் மோர் ஊத்தணும். பால் இல்ல, மோர்."

மோருக்கு ஜெர்மனில் என்ன என்று டீச்சர் ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு போனில் சமையலறைச் சத்தங்கள் மட்டும் கேட்டன. இங்கே அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சம்ஃபிரா தீயைக் குறைத்தாள். நெடுநேரம் கழித்து, நாக்கால் நக்குகிற சத்தமும், வைத்த தட்டு ஓட்டுத்தரையில் நகர்ந்து நகர்ந்து எதிலோ போய் முட்டுகிற சத்தமும் கேட்டன.

மூவரும் போன் பக்கம் குனிந்தார்கள்.

"தட்டு சின்னது," என்றாள் பராஸ்கிவா கடைசியில். "பெருசா ஒண்ணு வாங்கச் சொல்லு."